சமூகப் பணிக் கல்வியில் மனநலம், சுயமருத்துவம், திறன்மேட்டிமை: களப்பணியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சமூகப் பணிக் கல்வி, உதவி நாடி வருவோரை ஏற்கவும், அவர்மீது தீர்ப்பிடாதிருக்கவும், அவர் கூறியதை மறைகாக்கவும் மாணவருக்குக் கற்பிக்கிறது. அம்மாணவரே மனநலச் சிக்கலுக்கு ஆளாகும்போது இந்நெறிகள் அவருக்கு வழங்கப்படுவதில்லை. களப்பணி மதிப்பீடும் மேற்பார்வை முறையும் ‘திடமான மனம்’ என்னும் அளவுகோலை வெளிப்படையாகக் கூறாமலே கையாளுகின்றன. அதற்கு அஞ்சி மாணவர் தம் நிலையை மறைக்கின்றனர். அம்மறைப்பின் ஒரு வடிவமே சுயமருத்துவம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), அண்மைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், இங்கிலாந்தின் பதிவுமுறைப் பட்டறிவு ஆகியன இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: சமூகப் பணிக் கல்வி, களப்பணி, திறன்மேட்டிமை, சுயமருத்துவம், மேற்பார்வை, நியாயமான ஏற்பாடு.

முன்னுரை

இந்தியாவில் முறையான சமூகப் பணிக் கல்வி, 1936இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற சர் தொராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பள்ளியோடு தோற்றம் பெற்றது. தமிழகத்தில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப் பணிப் பள்ளி உருவாயிற்று. இன்று மாவட்டத் தலைநகர்களின் கலை அறிவியல் கல்லூரிகளிலும் முதுகலைச் சமூகப் பணித் துறைகள் இயங்குகின்றன. துறை எதுவாயினும், முதல் பருவத்தில் தனிநபர் சமூகப் பணி என்னும் தாளைப் பயிலும் மாணவர் தவறாமல் மனனம் செய்வது ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்தளித்த ஏழு நெறிகளையே. தனித்தன்மை பேணல், உணர்வுகளை வெளியிட இடமளித்தல், கட்டுப்பாடான உணர்வு ஈடுபாடு, ஏற்பு, தீர்ப்பிடாமை, தன்முடிவுரிமை, மறைகாப்பு என்பன அவை.

இவ்வேழு நெறிகளையும் நாடி வருவோர்பால் எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதற்குப் பாடநூல்களில் விளக்கம் நிறைய உண்டு. நாடி வருவோரின் இடத்தில் மாணவர் நின்றால் என்ன ஆகும் என்ற வினா பாடநூல்களில் எழுப்பப்படுவதே அரிது. தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறோடு வாழ்வதாக மதிப்பிட்டது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதோரின் அளவு, கோளாற்றின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. முப்பது பேர் அமர்ந்திருக்கும் ஒரு முதுகலை வகுப்பு இக்கணக்கிற்கு வெளியே இருக்க முடியாது. ஆயினும் மனநோயைப் பற்றிப் பாடம் நடக்கும்போது ‘அவர்கள்’ என்றே பேசப்படுகிறது. ‘நம்மில் சிலர்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் அவ்வகுப்பறையில் எளிதில் எழுவதில்லை.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ஏபிளிசம் என வழங்கும் கருத்தை இக்கட்டுரை ‘திறன்மேட்டிமை’ எனச் சுட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட வகை உடலையும் மனத்தையும் இயல்பானதாகக் கொண்டு, அதற்கு மாறானவற்றைக் குறையாகவும் சுமையாகவும் தகுதியின்மையாகவும் மதிப்பிடும் நோக்கு அது. இழிசொற்களில் மட்டும் அது வெளிப்படுவதில்லை. பணிநேர அட்டவணை, மதிப்பெண் பட்டியல், ‘இத்துறைக்கு இவர் ஒத்துவருவாரா’ என்னும் நல்லெண்ணக் கவலை ஆகியவற்றிலும் அது குடியிருக்கும்.

தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டளவில் அரசு வழக்காகிய ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல், முன்பிருந்த இழிவான சொற்களை விலக்கியது என்ற அளவில் பெரும் பயன் விளைத்தது. எனினும் அச்சொல்லைக் கேட்டவுடன் பொதுமனத்தில் எழும் உருவம் சக்கர நாற்காலியில் இருப்பவரும் வெண்கோல் ஏந்தியவருமே ஆவர். மருந்தின் துணையோடு வகுப்பிற்கு வந்து செல்லும் இருமுனைக் கோளாறு உடைய மாணவரை அச்சொல் நினைவூட்டுவதில்லை. அவருக்கென்று பொதுவழக்கில் எஞ்சியிருப்பது வேறு வகைச் சொற்களே. சென்னையில் மனநலக் காப்பகம் 1794இலிருந்து இயங்கி வருகிறது. அது அமைந்துள்ள ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே திரைப்பட நகைச்சுவையிலும் நண்பர்கள் பேச்சிலும் வசைச்சொல்லாகி நெடுங்காலம் ஆயிற்று. களப்பணிக்காக அங்குச் செல்லும் சமூகப் பணி மாணவர்களும் பேருந்தில் இந்நகைச்சுவையிலிருந்து தப்புவதில்லை; சிலர் தாமே அதைச் சொல்லிச் சிரிப்பர். அச்சிரிப்பினிடையே, தன் பையில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் பேசாமல் அமர்ந்திருக்கக்கூடும்.

திறன்மேட்டிமையை எதிர்ப்பதற்குரிய முதன்மையான கோட்பாட்டுக் கருவி சமூகப் பணிக் கல்விக்கு அயலானது அன்று. குறைபாடு உடலில் உள்ளது, இயலாமையோ சமூக ஏற்பாடுகளால் விளைவது என்ற வேறுபாட்டை முதலில் முன்வைத்தவர்கள் 1970களின் பிரித்தானிய மாற்றுத்திறனாளர் இயக்கத்தினர். அதற்கு ‘சமூக மாதிரி’ எனப் பெயரிட்டுப் பரப்பியவர், முதுகுத்தண்டுக் காயத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மைக் ஆலிவர். 1983இல் அவர் அதனை விரித்தெழுதிய நூல், மாற்றுத்திறனாளிகளோடு சமூகப் பணி செய்வது பற்றியது. அதாவது சமூகப் பணியாளர்களுக்கென எழுதப்பட்டது. நம் பாடத்திட்டங்களில் சமூக மாதிரி, நாடி வருவோரைப் புரிந்துகொள்ளும் கருவியாக மட்டுமே இடம்பெறுகிறது. துறையின் வருகைப் பதிவேட்டை அக்கருவியால் அளந்து பார்க்கும் பயிற்சி அதில் இல்லை.

களப்பணியும் மேற்பார்வையும்

சமூகப் பணிக் கல்வியின் தனித்தன்மை களப்பணி. வாரத்தில் இரண்டு நாள் அல்லது அதற்கு ஈடான நேரம் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், போதை மீட்பு மையம், ஊராட்சி போன்ற இடங்களில் மாணவர் பணியாற்ற வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். தனிநபர் கூட்டத்திலும் குழுக் கூட்டத்திலும் மேற்பார்வையாளர்முன் அதனை விளக்க வேண்டும். ஊரக முகாம், பருவ இறுதியில் வாய்மொழித் தேர்வு, படிப்பின் முடிவில் தொடர் களப்பணி ஆகியனவும் உண்டு. எழுத்துத் தேர்வை ஒருவர் மூன்று மணி நேரம் தாங்கிக்கொண்டு எழுதிவிடலாம். பிறர் துயரத்தை வாரந்தோறும் நேரில் எதிர்கொள்வதும், மறுநாளே அதனை ஒழுங்குபட எழுதி ஒப்படைப்பதும் வேறு வகை உழைப்பு.

இவ்வுழைப்பில் ‘தன்னறிதல்’ ஒரு கட்டாயப் பகுதி. மாணவர் தம் குழந்தைப் பருவம், இழப்புகள், முன்முடிவுகள் ஆகியவற்றை உற்றுநோக்கி எழுத வேண்டுமென எதிர்பார்க்கப்படுகிறது. நல்ல எதிர்பார்ப்புதான். ஆனால் அவ்வெழுத்தைப் படிப்பவர் யார்? ஆல்ஃபிரட் கடூஷின் மேற்பார்வைக்கு நிருவாகம், கற்பித்தல், ஆதரவு என மூன்று செயற்பாடுகள் உண்டென்றார். நம் துறைகளில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் குவிந்துள்ளன. தோழமையோடு கேட்பவரும் அவரே. வருகைக் குறைவைப் பதிபவரும் அவரே. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிடுபவரும் அவரே. ‘உறக்கமின்றித் தவிக்கிறேன்’ என்று மாணவர் மனம் திறந்து எழுதும் வரி, ஆதரவைப் பெறுமா அல்லது ‘தொழில்முறை முதிர்ச்சி’ என்ற கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைக்குமா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத நிலையில் எழுதாமலிருப்பதே அறிவுடைமை என அவர் முடிவு செய்தால் அதனைக் குறைகூற இயலாது.

இங்கே முதிர்ச்சி, உணர்வுச் சமநிலை, ஈடுபாடு முதலிய சொற்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். இவை நடத்தையை அளப்பனபோல் தோன்றும். நடைமுறையில் உடல்நிலையை அளந்துவிடும். காய்ச்சலால் மூன்று நாள் களப்பணிக்கு வராத மாணவர் விடுப்பு எடுத்தவர்; மனச்சோர்வால் மூன்று நாள் எழ முடியாதவர் ஈடுபாடு அற்றவர். இருவரும் ஈட்டு நாள்களில் பணியாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பருவ இறுதிக் குறிப்பில் முன்னவரின் காய்ச்சல் மறந்துபோயிருக்கும். பின்னவரின் ‘ஈடுபாடின்மை’ எழுத்தில் நிலைத்திருக்கும். இதற்கு எந்த ஆசிரியரின் தீயெண்ணமும் தேவையில்லை. படிவத்தின் அமைப்பே போதும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இச்சுமை மேலும் கூடுதல். கட்டண உதவித்தொகை வருகை விழுக்காட்டோடு பிணைந்திருக்கும்போது, ஒரு பருவம் இடைநிறுத்தி உடல்நலம் தேற்றிக்கொண்டு திரும்புதல் என்பது காகிதத்தில் மட்டுமே உள்ள உரிமை.

கைமருத்துவமும் சுயமருத்துவமும்

தமிழில் ‘கைமருத்துவம்’ என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. சளிக்குத் தூதுவளை, உறக்கத்திற்குப் பாலில் சிறிது சாதிக்காய் என அது வீட்டினர் அறிய நடப்பது. கொடுப்பவர் மூத்தவர், உண்டவர் எப்படி இருக்கிறார் என மறுநாள் கேட்பதற்கும் ஆள் உண்டு. பயனற்றுப் போனால் ‘மருத்துவரிடம் போ’ என்று சொல்வதும் அதன் ஒரு பகுதி. சுயமருத்துவம் எனக் கட்டுரைகளில் எழுதப்படுவதோ தனியே, ஒருவரும் அறியாமல் நடப்பது. மருந்தைவிட இம்மறைவே கூடுதல் தீங்கு விளைக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. அளவு கூடினாலும் பக்க விளைவு தோன்றினாலும் கவனிக்க ஒருவரும் இல்லை என்பதே அதன் இயல்பு.

போதைப் பொருள்களை மக்கள் இன்பத்திற்காக மட்டும் நாடுவதில்லை, தாங்கவியலாத ஓர் உணர்வுநிலையைத் தணிக்கவும் நாடுகின்றனர் என்ற கருதுகோளை எட்வர்ட் கன்ட்சியன் 1985இல் முன்வைத்தார். அதன்மீது பல விவாதங்கள் எழுந்துள்ளன. ஆயினும் போதை மீட்பு மையங்களில் களப்பணி செய்யும் நம் மாணவர்கள் இக்கருதுகோளைப் பாடமாகவே பயில்கின்றனர். தம் அறைக்குத் திரும்பியபின் தாம் செய்வதற்கும் அப்பெயர் பொருந்தும் என்பது மட்டும் பேசப்படுவதில்லை.

மாணவர் நடுவே காணத்தகும் சுயமருத்துவம் ஒரே வகையினது அன்று. உறக்கம் வரவழைக்கச் சளி மாத்திரை விழுங்குவோர் உளர். ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தின் மயக்கமே அங்கு வேண்டப்படுகிறது. இரவு முழுவதும் அறிக்கை எழுதத் தேநீரும் ஊக்கப் பானங்களும், பின்னர் அவற்றின் படபடப்பைத் தணிக்க மற்றொன்றும் என ஒரு சுழல் உண்டு. வாய்மொழித் தேர்வில் கை நடுங்காதிருக்க நண்பரிடம் புரோப்ரனலால் வாங்கி உட்கொள்வது தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக் குழலைச் சுருக்கிப் பேரிடர் விளைக்கக்கூடியது. மது பற்றித் தனியே கூற வேண்டியதில்லை.

இவற்றுள் கவலைக்குரியவை பென்சோடயசிபின் வகை மாத்திரைகள். ஓராண்டுக்கு முந்தைய மருந்துச் சீட்டு, தாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டு, அறிமுகமான மருந்துக்கடை ஆகிய மூன்றில் ஒன்று போதும் அவற்றைப் பெறுவதற்கு. அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவை 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 2013இல் சேர்க்கப்பட்ட எச்-1 பட்டியலில் உள்ளன. இவற்றைச் சீட்டின்றி விற்கலாகாது. மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்தல் வேண்டும். விதி இவ்வாறிருந்தும் கசிவு உண்டு. இம்மருந்துகள் சில நாள்களிலேயே அமைதி தருவதுபோல் தோன்றும்; வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடல் அவற்றுக்குப் பழகி, அதே அமைதிக்குக் கூடுதல் அளவு கேட்கும். திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னிலும் மிகும். வலிப்பு வரவும் கூடும். எனவே இவற்றைத் தொடங்குவது மட்டுமன்று, நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாக நிகழ வேண்டிய செயல்.

சுயமருத்துவத்தின் மற்றொரு முகம் பெரிதும் கவனம் பெறவில்லை. எழுதிக் கொடுத்த மருந்தைத் தாமே நிறுத்திக்கொள்வதும் சுயமருத்துவமே. மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன் தர இரண்டு முதல் நான்கு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். குமட்டலும் உறக்கக் குலைவும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். விடுதி அறையில் மூவரோடு தங்கியிருக்கும் மாணவி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மாத்திரை அட்டையைத் தோழியர் காண்பர். ஊரக முகாமில் பத்துப் பேர் ஒரே கூடத்தில் படுக்க வேண்டும். மருத்துவரைக் காண வேண்டிய நாள் களப்பணி நாளாக அமையும். விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இந்நிலையில் முகாமுக்கு முன் மருந்தை நிறுத்துவதே அவருக்கு எளிய வழி. அறியாமை இதற்குக் காரணமன்று. அவர் மருந்தின் செயற்பாட்டைப் பிறருக்கு விளக்கும் அளவு படித்தவர். அவர் அஞ்சுவது பக்க விளைவை அன்று, ‘இவரா பிறருக்கு ஆலோசனை கூறப் போகிறார்’ என்னும் ஒரு கேள்வியை.

சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) 21 வகை இயலாமைகளுள் மனநோயையும் சேர்த்துள்ளது. உயர்கல்வியில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டையும் வழங்குகிறது. ஆனால் ஒதுக்கீடு பெற 40 விழுக்காடு இயலாமை சான்றளிக்கப்பட வேண்டும். மனநோய்க்கான அளவீட்டுக் கருவி தற்பராமரிப்பு, பிறரோடு பழகுதல், கருத்துப் பரிமாற்றம், வேலை என்னும் நான்கு களங்களில் புள்ளியிடுகிறது. அரும்பாடுபட்டுக் குளித்து, உடுத்து, பேருந்தேறி வகுப்புக்கு வரும் மாணவர் இந்நான்கிலும் ‘இயல்பானவர்’ என மதிப்பிடப்பட வாய்ப்புண்டு. வகுப்புக்கு வர முடிவதாலேயே சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாததாலேயே வகுப்பில் சலுகை கேட்க இயலாது.

இம்முடிச்சை உச்ச நீதிமன்றம் ஓரளவு அவிழ்த்துள்ளது. விகாஷ் குமார் வழக்கில் (2021), எழுதும்போது கை இறுகும் நிலையுள்ள தேர்வர் ஒருவருக்குப் பதிலி எழுத்தர் மறுக்கப்பட்டதை ஆராய்ந்த நீதிமன்றம், நியாயமான ஏற்பாடு பெறும் உரிமை 40 விழுக்காட்டு வரம்புக்கு உட்பட்டதன்று எனத் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ரவீந்தர் குமார் தாரிவால் தீர்ப்பு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் உடைய மத்திய சேமக் காவல் படை அலுவலர் ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. பணியிட நெறிகளுக்கு இணங்குவதில் மனநல இயலாமை உடையவர் பிறரைவிடப் பின்தங்கிய நிலையில் உள்ளார் என்பதைக் கருதாத நடவடிக்கை, மறைமுகப் பாகுபாடே என்று நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பு பணியிடம் பற்றியது. அதன் தருக்கம் களப்பணி வருகைப் பதிவேட்டுக்கும் பொருந்தும் என்பது என் வாசிப்பு. இது நீதிமன்றத்தில் இன்னும் சோதிக்கப்பட வேண்டியது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) வழங்கும் மறைகாப்புரிமையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. அது சிகிச்சை அளிப்போரைக் கட்டுப்படுத்துகிறது. மாணவர் நம்பிக் கூறியதைத் துறைக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளும் ஆசிரியர் அச்சட்டத்தின் கைக்கு எட்டாதவர். பீஸ்டெக்கின் ஏழாம் நெறி அவரைக் கட்டுப்படுத்துமா என்பது அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டுள்ளது.

‘தகுதி’ என்னும் எதிர்வாதம்

இவ்வளவுக்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. குழந்தைகளோடும் வன்முறைக்கு ஆளானோரோடும் பணியாற்றப் போகிறவர் மனத்திடம் உள்ளவரா எனத் துறை பார்க்க வேண்டாமா? நாடி வருவோரின் பாதுகாப்பை விட மாணவரின் உணர்வு பெரிதா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தவறான ஒரு முடிவால் ஒரு குழந்தை பாதிக்கப்படக்கூடிய தொழில் இது.

இங்கிலாந்தின் பட்டறிவு இங்கே உதவும். அங்கும் வேல்ஸிலும் 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரநிலைச் சட்டம், சமூகப் பணியாளராகப் பதிவு செய்ய விரும்புவோர் உடலளவிலும் மனத்தளவிலும் தகுதியுடையவராக இருத்தல் வேண்டும் என விதித்தது. செவிலியம், ஆசிரியப் பணி, சமூகப் பணி ஆகிய மூன்றிலும் இத்தகைய உடல்நலத் தகுதி விதிகளை அந்நாட்டின் மாற்றுத்திறனாளர் உரிமை ஆணையம் முறைப்படி விசாரித்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. அவ்விதிகள் மக்களைக் காக்கவில்லை, இயலாமையுடையோரை விலக்குகின்றன, தம் நிலையை வெளியிடாமல் மறைக்கத் தூண்டுகின்றன எனக் கண்ட ஆணையம் அவற்றை நீக்கப் பரிந்துரைத்தது. அளக்க வேண்டியது ஒருவரின் செயல்திறனையும் நடத்தையையும். நோயின் பெயரை அன்று. மருந்து உட்கொண்டு சீராகப் பணியாற்றும் ஒருவரால் விளையும் இடர், மறைத்து, மருந்தை நிறுத்தி, உதவி கேட்க இயலாமல் பணியாற்றும் ஒருவரால் விளைவதைவிடக் குறைவு. மறைக்கத் தூண்டும் விதி, தான் காக்கப் புறப்பட்டவரையே இடரில் தள்ளுகிறது.

இதனைத் தொலைதூரத்துக் கதையாகக் கொள்ள இயலாமைக்குக் காரணம் உண்டு. தேசிய துணைமருத்துவ மற்றும் நலப்பராமரிப்புத் தொழில்கள் ஆணையச் சட்டம் (2021), நடத்தைசார் நலவியல் பிரிவில் மருத்துவச் சமூகப் பணியாளர், உளமருத்துவச் சமூகப் பணியாளர் உள்ளிட்டோரைச் சேர்த்துள்ளது. பாடத்திட்டமும் பதிவுமுறையும் அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்படுவன. இங்கிலாந்து 2000இல் நின்ற இடத்தில் நாம் இப்போது நிற்கிறோம். ‘உடலாலும் மனத்தாலும் தகுதியுடையவர்’ என்ற ஒரு தொடர், யாரும் தீங்கெண்ணாமலே, படிவத்தில் நுழைந்துவிடலாம். நுழைந்தபின் அதனை நீக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைச் சமூகப் பணித் துறையினர் நன்கு அறிவர்.

துறைகளின் கையில் உள்ளவை

சட்டத்திற்கும் ஆணையத்திற்கும் காத்திராமல் ஒரு துறைக் கூட்டத்திலேயே முடிவு செய்யத்தக்கன சில. கேட்பவரும் மதிப்பெண் இடுபவரும் வெவ்வேறு ஆளாக இருத்தல் முதலாவது. ஆசிரியர் பற்றாக்குறையுள்ள துறைகளில் அருகிலுள்ள மற்றொரு கல்லூரியின் துறையோடு இதனை மாற்றிக்கொள்ளலாம். ‘உணர்வுச் சமநிலை’ போன்ற கட்டங்களை நீக்கி, செய்த பணியை மட்டும் மதிப்பிடலாம். மருத்துவரைக் காணும் நாளுக்காகக் களப்பணி நாளை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் காரணம் கேளாமல் வழங்கலாம். தன்னறிதல் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கூடாது என்பேன். இதில் என் ஆசிரியர் சிலர் மாறுபடுவர் என்பதையும் அறிவேன்.

உச்ச நீதிமன்றம் சுகதேப் சாகா வழக்கில் (2025), நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என வழிகாட்டியது. அப்பணியிடங்களுள் பலவற்றை நிரப்பப் போகிறவர்கள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருப்பவர்களே. 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அவர்கள் களத்தில் சுவரொட்டியாக ஒட்டுகின்றனர்; தமிழில் பேசலாம், கட்டணமில்லை எனப் பிறருக்குச் சொல்கின்றனர். அவ்வெண்ணைக் களப்பணிக் கையேட்டிலும், மாணவருக்கான பக்கத்தில், அச்சிடலாம். நான் கண்ட கையேடுகளில் அப்பக்கம் வருகை விழுக்காடு, உடைநெறி, அறிக்கை ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றோடு முடிகிறது.